ஐம்பதுக்கு மேல்

ஃபஹாஹீலில் என் அறை ஏழாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே கடல் இருப்பதாக
வாடகைச் சீட்டு சொல்கிறது.
ஜூலையில் எனக்குத் தெரிவது புழுதியும்
அதற்குள் ஒரு கிரேனின் கழுத்தும்.

என்ன ஆராய்ச்சி என்று
குடும்பக் குழுவில் சித்தப்பா கேட்டார்.
பிறர் எழுதிய நிரல்களில் பிழை பார்ப்பது என்றேன்.
"அதுக்குச் சம்பளமும் தர்றானா?"
தருகிறார்கள். தினாரில்.

இந்த வருடத் தரவு:
மினா அப்துல்லா பக்கம் நான்கு கட்டுமானத் தளங்கள்,
கம்பங்களில் அறுபது வெப்பமானிகள்,
ஐந்து நிமிடத்துக்கு ஓர் எண்,
மூன்று கோடைகள்.
நாற்பத்தேழு லட்சம் வரிகளை வரைந்து பார்த்தேன்.

காலை ஏறுகிறது, பால் பொங்குகிற மாதிரி.
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.
அப்புறம் கோடு படுத்துவிடுகிறது
மாலை ஐந்தேகால் வரைக்கும்.
இஸ்திரி போட்ட மதியம்.
ஒரு நாள் என்றால் சரி. ஜூலை முழுக்கவா?
எல்லாக் கம்பத்திலுமா?

நர்சய்யாவுக்குப் போன் செய்தேன்.
கரீம்நகர்க்காரர், கருவிகளைப் பார்த்துக்கொள்பவர்.
என் தெலுங்கும் அவர் இந்தியும்
ஆளுக்கொரு காலில் நொண்டும்.
"பழுதுன்னு சிஸ்டம் சொல்லுது மேடம்.
ஏணி போட்டு மாத்துறேன்.
மறுநாள் மத்தியானம் புதுசும் பழுது.
கழட்டினது நாப்பத்துமூணு,
பெயின்ட் டப்பா பக்கத்துல கிடக்கு.
அனுப்பட்டா?"

மலையாளச் செய்தித்தாளில் சுற்றி வந்தன.
ஒன்றைக் காரின் முகப்பில் வைத்துவிட்டு
சமோசா வாங்கித் திரும்பினேன்:
அறுபத்தாறு.
மீதி நாற்பத்திரண்டும் அதே போல்
நல்ல உயிரோடு.

அப்படியானால் நிரல்தான்.
எண்ணூறு கோப்புகளில் துழாவி
எடுத்தது ஒரே வரி:
ஐம்பதைத் தாண்டினால் பழுதென்று குறி,
முந்தைய எண்ணை இட்டு நிரப்பு.
ஏன் ஐம்பது என்று ஒரு குறிப்பும் இல்லை.
வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி
உட்கார்ந்திருந்தது அந்த எண்.

பகல் பதினொன்று முதல் நான்கு வரை
வெயிலில் வேலைக்குத் தடை உண்டு இங்கே.
நான்குக்கு மேலும் ஐம்பது தாண்டினால்
இந்தத் தளங்களில் ஒரு சங்கு ஊத வேண்டும்.
மூன்று கோடையாக ஊதவில்லை.
"சங்கா? எங்க மேடம் இருக்கு?" என்றார் நர்சய்யா.

எந்த வரியை யார் எழுதினார் என்று காட்ட
எங்கள் தொழிலில் ஒரு கட்டளை.
அதற்கு வைத்திருக்கும் பெயரே பழி.
தட்டினேன், கொஞ்சம் ஆசையாகத்தான்.
ஒருவர் அகப்பட்டால்
கட்டுரைக்கு நல்ல தொடக்கம்.

செண்பகவடிவு மு.
பதினோரு வருடம் முன்பு, ஜனவரி,
இரவு 11:52, சிறுசேரி அலுவலக மின்னஞ்சல்.
மாற்றக் குறிப்பு: சின்னத் திருத்தம்.

நான்.

ஞாபகம் இல்லை.
பன்னிரண்டுக்குக் கடைசி வண்டி.
ஏசி பதினெட்டில்;
துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியிருப்பேன்.
ஐம்பதுக்கு மேல் எங்கே அடிக்கப்போகிறது என்று
இருபத்திரண்டு வயது ஒருத்தி
நினைத்தாளோ என்னவோ.
அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.
வரி மட்டும் கம்பெனி கம்பெனியாகக் கைமாறி
எனக்கு முன்பே விசா வாங்கி
இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.

கட்டுரையின் கடைசியில் ஒரு பகுதி வைப்பது மரபு:
முடிவுகளை எவை கெடுத்திருக்கலாம்.
மாதிரி சிறியது, கோடைகள் மூன்றே என்று
எல்லோரும் கைகட்டி ஒப்புக்கொள்ளும் இடம்.
அங்கே எழுதினேன்:
பிழையைச் செய்த கையும்
இதை எழுதும் கையும் ஒன்று.
"இது வேண்டுமா?" என்று
ஓரத்தில் கேட்டிருக்கிறார் டாக்டர் ஃபவாஸ்.
இன்னும் பதில் போடவில்லை.

வரியை நீக்கியாயிற்று.
நேற்று நான்கு இருபதுக்கு
பதினேழாம் கம்பம் 51.3 என்றது.
நர்சய்யா கூப்பிட்டார், பேசவில்லை,
போனைச் சங்கின் பக்கம் பிடித்தார்.
காது வலித்தது.
வைக்கச் சொல்லவில்லை.