பெட்டியோடு

மார்த்தாண்டம் பாலத்தின் நிழலில்
தேன் சங்கத்து மாடியறை.
மூன்று மென்பொருள், மூன்று கொட்டேஷன்,
ஒரே ஒரு மேசைவிசிறி.

முதலாவதில் இல்லாதது இல்லை.
பதினாறு மொழி, நாற்பது வடிவம்.
நாங்கள் நூற்றிப் பன்னிரண்டு பேர்;
செயலாளர் ஏசுரெத்தினத்துக்கோ
கடவுச்சொல்லே நிற்காது.

இரண்டாவது இலவசம்.
நாகர்கோவில் பையன் முதல் வரியை உரக்கச் சொன்னான்,
அடுத்த வரியை மெதுவாக.
ரசீதுகளுக்குப் பின் அடித்துக்கொண்டிருந்த
பொருளாளர் றோஸ்லெட் நிமிர்ந்தாள்:
"நாளைக்கு நீங்க கடையைப் பூட்டினா
எங்க பேரு, வெலை, படம் எல்லாத்தையும்
பெட்டியோட தூக்கிட்டுப் போவலாமா?"

எல்லாம் மேகத்தில் இருக்கும் என்றான்.
அவளுக்கு மேகம் தெரியும்.
ரப்பர் துளிர்க்கிற மாசத்தில் அது மூடி நின்றால்
இலைக்காம்பில் ஒரு சொட்டு ஊறாது.

நாங்கள் இரவில் இடம் மாறுகிறவர்கள்.
கடைசி ஈயும் அடைந்தபின்
வாசலில் பஞ்சு திணித்து, டெம்போவில் ஏற்றி,
விடிவதற்குள் குலசேகரம்.
தோட்டக்காரர் நல்லவர்தான்.
அதற்காக
அவர் மண்ணில் பெட்டியை ஆணியடிப்பார் உண்டா?

மூன்றாவது பார்க்க அழகில்லை.
தேன் நிறம் கேட்டால் மஞ்சள் கத்துகிறது.
ஆனால் ஒரு மூலையில், சின்னதாக,
'ஏற்றுமதி' என்றொரு பொத்தான்.
"துபாய்க்கா?" என்று
நிமிர்ந்து உட்கார்ந்தார் ஏசுரெத்தினம்.

றோஸ்லெட் அழுத்தினாள்.
சங்கம் முழுக்க ஒரு கோப்பாய் இறங்கியது.
பென்டிரைவைக் கழற்றித்
தேன் நிறுக்கும் தராசில் வைத்தாள், சும்மா.

முள் அசையவில்லை.
கையெழுத்துப் போட்டோம்.