இரவு ஷிப்ட், கப்ஃபென்பெர்க்

இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?
இங்கே யாரும் அடிப்பதில்லை.
உலையின் மீட்டர் மேல்
ஜனவரிக் குளிருக்குத் தப்பிய ஒற்றை ஈ
கால் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

நானூற்று எண்பது டிகிரி.
சிவப்பதற்குக்கூடக் காணாத சூடு.
உள்ளே நாற்பது வாள்கள்,
வாள்வீச்சுப் பந்தயத்துக்குப் போகவேண்டியவை,
இருட்டில் படுத்திருக்கின்றன.
தண்ணீரில் முக்க வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.
கரி என்றால் ஆகவே ஆகாது இந்த எஃகுக்கு.
மூன்று மணி நேரம் சும்மா விட்டால் போதும்.

சாயங்காலம் இழைத்துக் கொடுத்த ஓட்மார்
பூசணி சீவுகிற மாதிரி இருந்தது என்றான்.
இதையா நம்பி நெஞ்சைக் காட்டுகிறார்கள் என்றான்.

ரோஸ்வித்தா நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள்.

அந்நேரம்
நிக்கல் டைட்டேனியத்தைத் தேடிப் போய்
அங்கங்கே கூடிக்கொண்டது
கண்ணுக்கு எட்டாத முடிச்சுகளாக.
அணுக்களின் வரிசை இனி
அவ்வளவு சுலபமாக நழுவாது.

விழித்தாள்.
இருபத்தைந்து நிமிடம் கூடுதல்.
வயிற்றில் புளி கரைய
கதவைத் திறந்து, ஒன்றை எடுத்து, ஆறவிட்டு,
வைரமுனையை அழுத்தினாள்.
ராக்வெல் ஐம்பத்து மூன்று.
நம்பாமல் இன்னொன்று.
ஐம்பத்து மூன்று.

ஆற்றுக்கு அப்பால் முதல் ரயில் போயிற்று.
எஃகு மன்னித்துவிட்டது,
பதிவேடு விடாது.
மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் என்று
உள்ளதை உள்ளபடி எழுதினாள்.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து
ஈ என்று எழுதினாள்,
பிறகு அடித்தாள்.

அன்றிரவு அங்கே
அடிபட்டது அது ஒன்றுதான்.