நீடாமங்கலம் கேட்

புரோகிராமில் எங்குமே 'படி' என்ற கட்டளை இல்லை.
'திரும்பப் போ' இல்லை.
இருந்தும் இரவு பதினொன்றுக்கு
ஆறாயிரம் பேரின் சம்பளத்தைப் படித்து,
துறைவாரியாகக் கூட்டி,
அச்சடித்துவிட்டுத் தூங்கப் போகிறது.

யார் சுற்றுகிறார்கள் இதை?
ஆர்.பி.ஜி. படிக்க உட்கார்ந்த மூன்று நாளாக
எனக்கு இது ஒன்றுதான் கேள்வி.

1988-இல் யாரோ ஒரு வி.டி.ஆர்.
நடுவில் ஒரு குறிப்பு விட்டிருக்கிறார்:
'சுற்று தானே நடக்கும். கை வைக்காதீர்.'

வைத்தேன்.

துறை மாறுகிற இடத்தில்
புதுத் துறையின் பெயர் வரட்டும் என்று
நானாக ஒரு வரி சேர்த்தேன்.
பழைய பெயரே வந்தது.
பிழை என்று நினைத்துத் திருத்தினேன்.
கிடங்கின் கூட்டுத்தொகை
கேன்டீன் தலையில் ஏறியது.
சென்னையிலிருந்து ஜெரால்டு கூப்பிட்டு
'மங்கை, சமையல்காரருக்கு ஏன்
இருபத்தேழு லட்சம்?' என்றார்.

மாலை பால் வாங்கக் கிளம்பி
கேட்டில் மாட்டிக்கொண்டேன்.
இந்த ஊர்க்காரர்களுக்கு
கேட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஸ்கூட்டியை அணைத்தேன்.
முன்னால் வைக்கோல் டிராக்டர்.
பக்கத்தில் மன்னார்குடி பஸ்,
ஜன்னலில் வெள்ளரிப்பிஞ்சு கடிக்கும் ஒரு குழந்தை.

அரிசி ஏற்றிய சரக்கு ரயில்.
பெட்டிக் கதவுகளில் சாக்பீஸ் எழுத்து:
திண்டுக்கல், திண்டுக்கல், திண்டுக்கல்.
வேறு வேலை இல்லாததால் எண்ணினேன்.
பதினேழு. பதினெட்டு.
அடுத்த கதவில்
ஈரோடு.

கண்ணில் ஈரோடு,
வாயில் இன்னும் 'திண்டுக்கல் பதினெட்டு'.

ஈரோடு வராமல்
திண்டுக்கல் முடிந்தது எனக்கு எப்படித் தெரியும்?
வந்துவிட்ட பிறகும்
பழையதைச் சொல்லி முடிக்காமல்
புதியதை எப்படி வாயில் போட்டுக்கொள்வது?

ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன்.
முதல் பெட்டி வந்தபோது
நான் எந்தக் கூட்டும் சொல்லவில்லை,
முடிவதற்கு அதற்கு முன்னால் எதுவும் இல்லை.
அதுவும் தெரியும் அந்த மொழிக்கு:
முதல் தடவை மட்டும்
வாயை மூடிக்கொண்டிருக்கும்.

சரி, கடைசிக் கொத்து?
அதை முடித்துவைக்க அடுத்த பெட்டி வராதே.

கார்டு பெட்டி கடந்தது.
முதுகில் மஞ்சள் பலகை: எல்.வி.
கேட்கீப்பர் ஒரு பெட்டியைக்கூட எண்ணவில்லை.
அதை மட்டும் பார்த்தார்,
கொடியைச் சுருட்டினார்.

எங்களுக்கு அது எல்.ஆர்.
அது எரிந்தால்
நின்ற கணக்கெல்லாம், சின்னது பெரியது,
ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டித் தீர்ந்து
பிறகுதான் ஓயும்.

கேட் தூக்கியது.
இரண்டு பக்கத்துச் சனமும் ஒரே நேரத்தில்
தண்டவாளத்தின் மேல் வந்து முட்டிக்கொண்டது.
இதற்கு எந்த மொழியிலும் சுற்று இல்லை.

பால் தீர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து என் வரியை அழித்தேன்.
வி.டி.ஆரின் குறிப்புக்குக் கீழே
தேதி போட்டு எழுதினேன்:
'வைத்தேன். எடுத்துவிட்டேன். ம.'