கொத்து

ஏழு கொத்து போதும் என்றேன்.
ஏன் ஏழு என்று கணினி கேட்கவில்லை.
மேலாளர் கேட்டார்.
குறிப்புப் பெட்டியில் ஏழு நிறத்துக்குத்தான் இடம் சார்.

மாசி மாதத்துப் படம், துளி மேகமில்லை.
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு புள்ளி.
ஏழு விதைகளை எங்கெங்கோ எறிந்தது நிரல்.
எது பக்கம் என்று பார்த்து
ஒவ்வொரு புள்ளியும் ஒட்டிக்கொள்ள,
நடுவம் நகர, மறுபடி பிரிய, மறுபடி ஒட்ட,
பதினெட்டாம் சுற்றில் ஒருவரும் இடம் மாறவில்லை.
சேர்வராயன் மலை அடங்கிவிட்டது.

வந்ததெல்லாம் வெறும் எண்கள்.
பெயர் வைப்பது என் வேலை.
இரண்டு, காடு.
சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காப்பியும் அதற்குள்ளே;
முள்வேலி மேலிருந்து தெரியாது.
நான்கைக் கட்டடம் என்று எழுதப் போனால்
மாமாங்கத்து வெள்ளைக்கல் மேடும்
ஐந்து ரோட்டு மொட்டைமாடிகளும்
தோளில் கைபோட்டு நிற்கின்றன.
ஆகாயத்தாமரை மூடிய மூக்கனேரிப் பாதி
வயலோடு போய்விட்டது.
மீன்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஏழு,
வெளுத்து உலர்ந்து ஒன்றுமில்லாமல் கிடந்தது.
தரிசு என்று தட்டினேன்.
மூன்றே எழுத்து, ஒரு நொடி.

சரிபார்க்கப் போனது அடுத்த வாரம்.
கொட்டச்சேட்டுக்கு மேலே, ஜீப் மறுத்த பிறகு
நாற்பது நிமிட ஏற்றம்.
ஜிபிஎஸ் காட்டிய புள்ளிக்குள்
சடைச்சி நின்றுகொண்டிருந்தார்.
காலடியில் சாமைத் தாள்கட்டை,
சரிவு நெடுக அடுக்கிய கல்வரப்பு.

இது என்ன நிலம்?
படிவத்தின் முதல் கேள்வி.
"அறுத்த நிலம்."
இப்போது சும்மாதானே கிடக்கிறது?
"சும்மா எங்க கெடக்கு, படுத்திருக்கு.
நீ ராத்திரியில படுக்கமாட்டியா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அவர் கையில் ஒரு களைக்கொத்து,
பிடி தேய்ந்து விரல் வாக்குக்கு வளைந்தது.
என் கொத்துகளுக்குப் பிடியே கிடையாது.

இறங்கி வந்து
எட்டு என்று மாற்றி ஓட்டினேன்.
இரவு முழுக்க விசிறி இரைந்தது.
எட்டாவதாகப் பிரிந்து வந்தது
மலையின் நிழல்.
ஏழு அப்படியே ஏழு.

தரிசை அழித்துவிட்டேன்.
வெற்றுக் கட்டத்தில் ஒரு கோடு மினுக்குகிறது.
கோப்பு வெள்ளிக்கிழமைக்குள் கலெக்டர் ஆபீஸ் போகணுமாம்.
இன்று புதன்.