மணல் பதம்

வெண்ணெய் கல் மாதிரி இருக்க வேண்டும் என்கிறாள்
கைப்பேசியில் அந்தப் பிரெஞ்சுக்காரி.
அவள் ஜன்னலுக்கு வெளியே பனி.
என் ஜன்னலுக்கு வெளியே சிலைமான்,
சித்திரை முடிந்தும் முடியாத வெக்கை,
காலை நாலரைக்கே
தலையணை ஈரம்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்துச்
சதுரம் சதுரமாய் நறுக்கி
மைதாவில் போடுவதற்குள்
வியர்த்துவிடுகிறது வெண்ணெய்க்கு.
ஃபேன் போட முடியாது,
மாவு சாமி படம் வரைக்கும் பறக்கும்.
கையை ஐஸ் தண்ணீரில் முக்கித் துடைத்து
விரல் நுனியால் மட்டும் தேய்க்கிறேன்.
உள்ளங்கை படக் கூடாது.
இருபது வருஷம் சப்பாத்தி பிசைந்த கைக்கு
இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

சாப்லே என்றால்
மணல் மாதிரி என்று அர்த்தமாம்.
மாவும் வெண்ணெயும் மணலாய் உதிர வேண்டுமாம்.
எந்த மணல் என்று அவள் சொல்லவில்லை.

கட்டிலில் புரண்டுகொண்டிருந்த ஒச்சப்பன்
எழுந்து வந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

தை மாசத்திலிருந்து
அவர் லாரி ஸ்டேஷன் பின்னால் நிற்கிறது,
பர்மிட் இல்லாத மூணு யூனிட்டோடு.
தவணைக்காரன் போன் வந்தால்
பாத்ரூமுக்குள் போய்ப் பேசுகிறார்.
நான் சுடும் பிஸ்கட்டை
இதுவரை ‘அது’ என்றுதான் சொல்லியிருக்கிறார்.
அது ஆச்சா.
அதுக்குக் கரண்டு பில் எவ்வளவு.

இன்று குழாயில் கை கழுவினார்,
நகக்கண் வரைக்கும்.
ஒரு பிடி அள்ளி
விரலிடுக்கில் ஒழுகவிட்டு
ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

“சவுடு.”
இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.
“எம்-சாண்ட். முனை குத்துது.
தள்ளு.”

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்கள்.
காய்ப்பில் சூடு ஏறாது போல,
வெண்ணெய் உருகவே இல்லை.
சல்லடையில் கேட்குமே
அந்தச் சரசரப்பு மட்டும் ரொம்ப நேரம்.

“இதான் ஆத்து மணல்.
பூச்சுக்கு ஆகாது. கட்டுக்கு ஆகும்.”
எதிரே ஒரு மேஸ்திரி நிற்பது போலச் சொன்னார்.

மஞ்சள் கரு ரெண்டு. பொடித்த கல்லுப்பு.
உருட்டி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம்.
அதுவரை அடுப்படித் தரையில்
ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.
நடுவில் ரெண்டு தரம் எழுந்துபோய்த்
திறந்து பார்த்தார்.
ரெண்டு தரமும் திட்டினேன்.

அறுத்து, கரு பூசி,
முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி,
நூற்றெழுபது டிகிரி, பதினாலு நிமிஷம்.
மாடி வீட்டு அமலோற்பவம் டீச்சர்
பத்தாவது நிமிஷத்தில் மோட்டார் போட்டுவிட்டார்.
லைட் மங்கியது.
முதல் தட்டு ஒரு பக்கம் வெளுப்பு.
வாசம் மட்டும் குறையவில்லை:
முருங்கைக்கீரை போடாமல்
நெய் உருக்கினால் வருமே, அது,
ஆனால் கொஞ்சம் கர்வம் பிடித்தது.

உடைந்ததில் ஒன்றை வாயில் போட்டவர்
மெல்லவில்லை. அப்படியே நின்றார்.
“நிக்க மாட்டேங்குது” என்றார்.
பாராட்டா குறையா, கேட்கவில்லை.

பன்னிரண்டு டப்பா,
கே.கே. நகர் பல் டாக்டரம்மா ஆர்டர்.
விரகனூர் ரவுண்டானாவில் வண்டியை நிறுத்தினார்கள்.
“டப்பாவுல என்ன?”
அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது
காகிதம் தேடி.
“பிஸ்கட் சார்” என்றேன் பின்னாலிருந்து.
ஒன்றைத் திறந்து ரெண்டு எடுத்துக்கொண்டு,
காக்கியில் உதிர்ந்ததைத் தட்டிவிட்டு,
போங்க என்றார் போலீஸ்காரர்.

கொஞ்ச தூரம் போனதும்
அவர் முதுகு குலுங்கியது.
பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தால்
பல்லெல்லாம் தெரிகிறது.

ஒரு டப்பாவில் ரெண்டு குறையுதே,
டாக்டரம்மாவிடம் என்ன சொல்ல என்றேன்.

“லோடு ஏத்துனா
வழியில கொஞ்சம் சிந்தும்னு சொல்லு.”