இரண்டேகால் மணித் துளி

நாகமலை அடிவாரத்து ஆய்வகத்தில்
மயிரிழை அகலத்தில் ஒரு நாற்சந்தி.
நடுவே நீர் வர
இருபுறமும் கொழுப்பு கலந்த எண்ணெய்
இடுப்பைப் பிடித்து நெரிக்க,
துளி.
இன்னொரு துளி.

காலையிலிருந்து வெடித்தவற்றை
ஜெபராணி எண்ணவில்லை.
சர்க்கரை கூடிப்போனதா, இல்லை
மேலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி
துப்பட்டாவில் வந்த கிரானைட் தூசா?

இரண்டேகாலுக்கு ஒன்று
எண்ணெய் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுத்
தனியே மிதந்தது.
உயிரெல்லாம் இல்லை.
உள் என்று ஒன்று, வெளி என்று ஒன்று.
ஒரு நிமிடம் முன்புவரை
அந்த வித்தியாசம் அங்கே கிடையாது.

கரண்ட் போனது.
யு.பி.எஸ். இரண்டு முறை கூவிச் செத்தது.
செல்போன் வெளிச்சத்தில்
சிப்பைப் பார்த்தாள்:
கண்ணாடி, கொஞ்சம் ஈரம்.

இருக்கிறது என்று
கரண்ட் வரும்வரை
அவள்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.