ஏழு நிமிட இருட்டு

ஞாயிறு ஒன்பதரைக்கு மெகருன்னிசா
ஜெராக்ஸ் கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்குவாள்.
குனிந்து நுழைபவர்களுக்கு மட்டும் சினிமா.

பழைய வண்ணாரப்பேட்டையில் இப்படியொரு கொட்டகை இருப்பது
போலீசுக்குத் தெரியாது.
அவள் அண்ணனுக்கும் தெரியாது.
நாலு பேர், ஒரு ஹார்ட் டிஸ்க்,
திரையாக ஒரு பழைய வேட்டி.
சப்டைட்டில் சரியாகப் பச்சைக் கரையில் விழும்.
வாசிக்க வராத வரிகளை
நாங்களே இட்டு நிரப்பிக்கொள்வோம்.

சட்டம் இவ்வளவுதான்:
படம் கொண்டுவந்தவர் கதை சொல்லக் கூடாது.
ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து, வரிசையாக.
தாவினால் டீச்செலவு அவர் தலையில்.

கோட்டீஸ்வரி காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்.
போன மாதம் அவள் போட்டது
ஒசாகாக்காரி ஒருத்தி தன் ஃப்ரிட்ஜின் முனகலோடு சேர்ந்து பாடிய
ஒன்பது பாட்டு.
ஃப்ரிட்ஜ் ஓயும்போதெல்லாம் அவளும் நிறுத்திவிடுகிறாள்.
"இது புரியணும்னா ஐஸ் கம்பெனில வேல பாக்கணும்" என்றாள்.
மூன்றாவது பாட்டில் எனக்குத் தொண்டை அடைத்தது.
காட்டிக்கொள்ளவில்லை. எதிரே தெஸ்மந்த்.

தெஸ்மந்த் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் ஃபிட்டர்.
டிரம்ஸ் இல்லாத எதையும் அவன் பாட்டில் சேர்ப்பதில்லை.
ஜகார்த்தா பசங்க மூணு பேர் போட்ட ஆல்பத்தைத்
தொடையில் தட்டித் தட்டி அவன் கேட்கவைத்ததில்
ஜெராக்ஸ் மெஷின் ஒருமுறை
தானாகவே ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளியது.
அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நான் கொண்டுபோனது தைவான் படம்.
ஒரு தபால்காரர், ஓயாத மழை.
இரண்டேகால் மணி நேரத்துக்குப் பதினாலு வசனம்.
ஃபேனை நிறுத்துங்க, இதுல சத்தம்தான் முக்கியம் என்றேன்.
திட்டிக்கொண்டே நிறுத்தினார்கள்.
கழுத்தில் வேர்வை வழிய வழிய
தபால்காரர் நடந்தார், நடந்தார்,
பூட்டியது போலிருக்கும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டக்
கையைத் தூக்கினார்.

இருட்டு.

அசையாமல் இருந்தோம்.
முதலில் ஒரு கொசு, இடமிருந்து வலம்.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் ஒன்று
பெட்டி பெட்டியாக மூச்சு விட்டுப் போனது.
குடம் உருண்டது.
"லாரி வந்துச்சா?" ஒரு பெண்குரல்.
"வரும், இன்னா அவசரம் உனுக்கு?" இன்னொன்று.
தைவானில் ஏது தமிழ் என்று
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
மெகருன்னிசா என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
பிடித்ததை மறந்துவிட்டாள்.

ஏழாவது நிமிடம் தெஸ்மந்த்தான் சொன்னான்:
"டேய், கரண்டு போயிருக்குடா."

ஹார்ட் டிஸ்க்கின் நீலப் பொட்டும் அணைந்திருந்தது.
சிரிப்பு வர நேரமாயிற்று. வந்ததும் நிற்கவில்லை.
மின்ட் பக்கம் அத்தோ கடையில் தட்டேந்தியும் சிரித்தோம்.
கடைக்காரர் கேட்டார்: "என்ன படம், ஹீரோ யாரு?"
கோட்டீஸ்வரி வாயில் நூடுல்ஸோடு
"நம்ம ஈபி" என்றாள்.

மார்க் போடுவது ஜெராக்ஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.
படத்துக்கு நாலு, இருட்டுக்குப் பத்து.
மூன்று பேரும் அதேதான்.
இயக்குநருக்காக நான் நடுரோட்டில் சண்டை போட்டேன்.
ஜாமீன் எடுக்கப் போன சொந்தக்காரன் மாதிரி.

அன்று ராத்திரியே மிச்சத்தை
போர்வைக்குள் மொபைலில் பார்த்தேன்.
தபால்காரர் தட்டுகிறார்.
கதவு உடனே திறக்கிறது.
கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்.

மறு ஞாயிறு மெகருன்னிசா கேட்டாள்,
அந்தக் கதவுக்கப்புறம் என்னதான் ஆச்சு?

ஃபைல் கெட்டுப்போச்சு என்றேன்.
எழுந்துபோய்
ஃபேனைப் போட்டேன்.